நீர்மேல் ஒளியும் நீருள் காலமும்: பிரெஞ்சு மனப்பதிவிய நிலக்காட்சி ஓவியங்களில் எதிரொளிப்பு

முன்னுரை

'நிழல்' என்னும் சொல்லுக்கு ஒளி மறைப்பால் தோன்றும் இருள்வடிவம், நீரிலும் கண்ணாடியிலும் தோன்றும் எதிருருவம், ஒளி என ஒன்றோடொன்று முரண்படுவனபோல் தோன்றும் பொருள்களைத் தமிழ் அகராதிகள் தருகின்றன. ஐரோப்பிய ஓவிய மரபு இவற்றைப் பெரும்பாலும் வெவ்வேறாகவே கையாண்டு வந்தது. கலைக்கழகப் பயிற்சியில் நிழல் என்பது பழுப்பும் கருமையும் கொண்டு தீட்டப்படும் ஒளியின்மை. நீரில் தோன்றும் எதிருருவமோ கரையிலுள்ள பொருளின் மங்கிய தலைகீழ்ப் படி. இவ்விரு கருத்துகளையும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் எழுந்த மனப்பதிவியம் மாற்றியமைத்தது. இம்ப்ரெஷனிசம் என உலகெங்கும் வழங்கும் இவ்வியக்கத்தின் ஓவியர்கள், நிழலும் வானத்திலிருந்தும் சுற்றுப்பொருள்களிலிருந்தும் வந்து சேரும் ஒளியே என்று கண்டனர். ஆகவே நிழலுக்கு நீலமும் ஊதாவும் தீட்டினர். இதனை அவர்கள் பெரிதும் பழகிய களம் நீர்ப்பரப்பாகும்.

மனப்பதிவியம் தூய கண்ணின் கலை என்றும், கணநேரக் காட்சியன்றி வரலாறு எதுவும் அதில் இல்லை என்றும் ஒரு கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. குளோட் மொனே (1840-1926) வரைந்த நீர்க்காட்சிகளே இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதும் உண்டு. அக்காட்சிகளை அவை தோன்றிய இடத்தோடும் காலத்தோடும் பொருத்தி நோக்கின் வேறொரு முடிவு கிடைக்கிறது. நீர்ப்பரப்பு தன் காலத்தைக் காட்டவும் செய்கிறது, மறைக்கவும் செய்கிறது. எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது ஓவியர் நின்று நோக்கும் கோணத்தைப் பொறுத்தது. 1869 முதல் 1926 வரையிலான காலத்தில் இக்கோணம் மாறிய முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரின் இயல்பும் தூரிகையின் இயல்பும்

எதிரொளிப்பின் இயல்பை முதற்கண் அறிதல் தேவை. கரையில் நிற்பவர் தம் காலடியில் உள்ள நீரை நோக்கினால் அடியிலுள்ள கல்லும் பாசியும் தெரியும். பார்வையைத் தொலைவுக்குச் செலுத்தினால் அடித்தளம் மறைந்து வானமும் எதிர்க்கரையும் தெரியும். நீரை நேர்மேலிருந்து நோக்கும்போது நூற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு ஒளியே எதிரொளிக்கிறது. பார்வை சாயச் சாய எதிரொளிப்பு மிகுகிறது. அதாவது, தாழ்ந்த கோணத்தில் நீர் வானத்தைக் காட்டுகிறது. செங்குத்தான கோணத்தில் ஆழத்தைக் காட்டுகிறது.

எதிருருவம் தலைகீழ்ப் படி அன்று. நோக்குபவரின் கண் நீர்மட்டத்திற்கு எவ்வளவு மேலே உள்ளதோ அவ்வளவு கீழேயிருந்து பார்த்தால் தெரியும் காட்சியே நீரில் தோன்றுகிறது. எனவே பாலத்தின் மேற்புறம் காண்பவருக்கு நீரில் அதன் அடிப்புறம் தெரியும். மேலும், ஒளியின் ஒரு பகுதி நீருக்குள் புகுந்துவிடுவதால் வெண்ணிறச் சுவரின் எதிருருவம் சுவரைவிடச் சற்று மங்கியிருக்கும். அலை எழும்போது நிலைமை மேலும் சிக்கலாகிறது. நோக்குபவர் பக்கம் சாய்ந்த அலைமுகம் வானத்தின் உயர்பகுதியைக் காட்டும்; மறுபக்கம் சாய்ந்த அலைமுகம் தொலைக்கரையைக் காட்டும். இவ்வாறு ஒரு படகின் எதிருருவம் கிடைமட்டத் துண்டுகளாகச் சிதறுகிறது. ஒரு விளக்கின் எதிருருவம் நெடுந்தூணாக நீள்கிறது.

இச்சிதறலை மெல்லிய வண்ணக் கலப்பாலும் வழவழப்பான மேற்பூச்சாலும் காட்ட இயலாது. ஒரு நிறத்தின் அருகில் மற்றொரு நிறத்தைத் தனித்தனித் தீற்றலாக வைக்க வேண்டியுள்ளது. மனப்பதிவியத்தின் அடையாளமாகக் கருதப்படும் துண்டுத் தீற்றல் வெறும் நடையழகு அன்று. நீரின் இயல்பு கற்பித்த தேவையும் அதில் உண்டு. கோபலின் நெசவுக்கூடத்தில் சாயத்துறைக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலறிஞர் மிஷேல் ஷெவ்ரல் 1839இல் வெளியிட்ட வண்ண முரண் பற்றிய நூல், அருகருகே அமையும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை முன்பே விளக்கியிருந்தது. ஆரஞ்சு நிறம் நீலத்தருகில் மிகுந்து ஒளிர்வதை நீர்ப்பரப்பில் எவரும் காணலாம்.

லா கிரனுய்யேர், 1869

இத்தேவை தெளிவாக வெளிப்பட்ட இடம், பாரிசுக்கு மேற்கே சேன் ஆற்றில் குருவாசித் தீவை ஒட்டியிருந்த லா கிரனுய்யேர் என்னும் குளிப்பிடமாகும். மிதக்கும் உணவகமும் வாடகைப் படகுகளும் கொண்ட அவ்விடத்திற்கு விடுமுறை நாள்களில் பாரிசு மக்கள் திரண்டு வந்தனர். 1869ஆம் ஆண்டுக் கோடையில் மொனேயும் ஒகுஸ்த் ரெனுவாரும் அருகருகே அமர்ந்து அங்கு வரைந்தனர். மொனேயின் ஓவியங்களுள் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும், ரெனுவாரின் ஓவியங்களுள் ஒன்று ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்திலும் உள்ளன.

இரண்டையும் ஒப்பிடுவது பயன் தரும். ரெனுவாரின் பார்வை மக்கள் மீது படிகிறது. ஆடைகளின் மென்மையும் கூட்டத்தின் கலகலப்பும் அவருக்கு முதன்மையாகின்றன. மொனேயின் ஓவியத்தில் மனிதர் சில கருந்தீற்றல்களாகச் சுருங்க, முன்புறம் முழுவதையும் நீர் எடுத்துக்கொள்கிறது. அந்நீரில் வெண்மை, பழுப்பு, கரும்பச்சை, நீலம் ஆகியன அகன்ற கிடைமட்டத் தீற்றல்களாக அடுக்கப்பட்டுள்ளன. அருகில் நின்று பார்த்தால் அவை வெறும் வண்ணக் கட்டிகள். சற்று விலகினால் அசையும் நீர்.

இவ்வோவியங்களைத் தம் சாதனையாக மொனே கருதவில்லை என்பது நோக்கத்தக்கது. அவ்வாண்டு செப்டம்பரில் நண்பர் ஃப்ரெதெரிக் பஸிலுக்கு எழுதிய கடிதத்தில், தாம் கனவு காணும் பெரிய ஓவியத்திற்கான மோசமான முன்வரைவுகள் என்றே இவற்றைக் குறிப்பிடுகிறார். அக்கோடையின் கடிதங்களில் வறுமையும் பதிவாகியுள்ளது. ரெனுவார் கொண்டுவந்து கொடுத்த ரொட்டியால் பசி தீர்ந்ததையும், வண்ணம் தீர்ந்ததால் வேலை நின்றதையும் அவற்றிலிருந்து அறிகிறோம். கனவு கண்ட பெரிய ஓவியம் நிலைபெறவில்லை, முன்வரைவே முறையாயிற்று. கடிதத்தைப் பெற்ற பஸில் அடுத்த ஆண்டு நவம்பர் 28 அன்று பிரெஞ்சு-பிரஷ்யப் போரில் பொன்-லா-ரொலாந்து என்னுமிடத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 28.

வண்ணக்குழாயும் இருப்புப்பாதையும்

திறந்தவெளியில் நீரை வரைவதற்குப் பொருளாதார, தொழில்நுட்பப் பின்புலம் ஒன்று இருந்தது. அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் 1841இல் மடங்கும் தகரக் குழாய்க்கு உரிமம் பெற்றார். அதற்குமுன் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்துத் துளையிட்டுப் பயன்படுத்தினர். அது விரைவில் உலர்ந்தும் கசிந்தும் போகும். குழாய் வந்தபின் பல நிறங்களைப் பெட்டியில் வைத்து ஆற்றங்கரைக்கு எடுத்துச்செல்ல இயன்றது. உலோகப் பூண் இட்ட தட்டைத் தூரிகைகள் அகன்ற தீற்றலுக்கு வழிவகுத்தன.

நிறங்களும் புதியவை. கோபால்ட் நீலம் 1802இல் தெனாரால் உருவாக்கப்பட்டது. இலாபிசு கல்லை அரைத்துப் பெற்ற விலைமிக்க நீலத்திற்கு மாற்றாகக் கிமே செயற்கை அல்ட்ராமரைனை 1820களில் உருவாக்கினார். விரிடியன் என்னும் ஒளிபுகு பச்சைக்கு 1859இல் கிஞே உரிமம் பெற்றார். நீரின் நீலமும் பச்சையும் மனப்பதிவிய ஓவியங்களில் ஒளிர்வதற்கு வேதித்தொழிலின் வளர்ச்சியும் காரணம் என்பது இதனால் பெறப்படும்.

ஓவியரை ஆற்றுக்கு அழைத்துச்சென்றது இருப்புப்பாதை. பாரிசிலிருந்து மேற்கே சேன் ஆற்றை நோக்கி முதற்பாதை 1837இல் திறக்கப்பட்டது. 1847இல் லெ ஹாவ்ர் துறைமுகம் வரை தொடர்வண்டி சென்றது. குளிக்க வந்த மக்களையும் அவர்களை வரைய வந்த ஓவியரையும் கொண்டுவந்தது ஒரே வண்டிதான்.

போருக்குப் பிந்திய ஆறு

போர்க்காலத்தில் இலண்டனுக்குச் சென்றிருந்த மொனே, ஹாலந்து வழியாகத் திரும்பி 1871ஆம் ஆண்டின் இறுதியில் அர்ஜான்தொய் என்னும் ஆற்றங்கரை ஊரில் குடியேறி 1878 வரை வாழ்ந்தார். அவ்வூர்ப் பாலங்கள் போரில் சிதைந்திருந்தன. 1872இல் அவர் வரைந்த மரப்பாலம் சீரமைப்புக்கென எழுப்பிய சாரத்தைக் காட்டுகிறது. சாரத்தின் கரிய மரங்களும் நீரில் அவற்றின் எதிருருவமும் சேர்ந்து ஒரு சட்டமாக அமைய, அச்சட்டத்தினூடே அமைதியான ஆறு தெரிகிறது. சிதைவை நேரடியாக வரையாமல், சீரமைப்பையும் அதன் நீருருவையும் ஓவியர் தேர்ந்தெடுத்துள்ளார். அடுத்த இரண்டாண்டுகளில் அவர் வரைந்த இருப்புப்பாதைப் பாலங்களில் புத்தம்புதுத் தூண்கள் நீரில் நீண்டு விழுகின்றன; வண்டியின் புகை மேகத்தோடு கலக்கிறது.

1872ஆம் ஆண்டினதாகக் குறிக்கப்பட்ட 'மனப்பதிவு: கதிரவன் எழுச்சி' என்னும் ஓவியம் லெ ஹாவ்ர் துறைமுகத்தின் விடியலைக் காட்டுவது. பாய்மரங்களும் பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் நீலச் சாம்பல் மூட்டத்தில் கலந்திருக்க, செங்கதிரும் நீரில் அதன் சில ஆரஞ்சுத் தீற்றல்களும் மட்டும் தனித்து நிற்கின்றன. கதிரவனின் ஒளியளவு சுற்றியுள்ள மூட்டத்தின் ஒளியளவை ஏறத்தாழ ஒத்துள்ளது. கருப்பு வெள்ளைப் படமாக மாற்றினால் கதிரவன் பெரிதும் மறைந்துவிடும். நிற வேறுபாடு ஒன்றினாலேயே அது துடிக்கிறது. 1874 ஏப்ரல் 15 அன்று நிழற்படக் கலைஞர் நதாரின் முன்னாள் கூடத்தில் தொடங்கிய கண்காட்சியில் இது இடம்பெற்றது. பத்து நாள்களுக்குப் பின் 'ல ஷாரிவாரி' இதழில் லூயி லெருவா இத்தலைப்பைக் கொண்டு எள்ளி எழுதியதும், எள்ளல் பெயரே இயக்கத்தின் பெயராக நிலைத்ததும் அறிந்த செய்தி. தோல்வியுற்ற நாட்டில் மீண்டும் இயங்கும் துறைமுகம் ஒன்றின் விடியல் இது என்பதையும் சேர்த்து எண்ணுதல் தகும்.

எனினும் அர்ஜான்தொய் நீர்க்காட்சிகள் ஒன்றை மறைக்கின்றன. பாரிசு நகரின் பெருங்கழிவுக் கால்வாய் அவ்வூருக்கு மேலே கிளிஷி, அனியேர் பகுதியில் ஆற்றில் கலந்தது. 1870களில் கோடைதோறும் நாற்றமும் சேறும் ஆற்றைக் கெடுத்தன. மொனே தம் படகுக்கூடத்தில் அமர்ந்து நீர்மட்டத்திற்குச் சற்றே மேலிருந்து வரைந்தார். 1874இல் எதுவார் மனே அக்காட்சியையே ஓர் ஓவியமாக்கியுள்ளார். அத்தாழ்ந்த கோணத்தில் நீர் வானத்தை மட்டுமே காட்டும். அடியிலுள்ள சேறு தெரியாது. இங்கு ஒளியியல் விதியும் ஓவியரின் தேர்வும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. கண் பொய் சொல்லவில்லை. கண் நின்ற இடம் ஒரு பகுதி உண்மையை மட்டும் கொடுத்தது.

வெள்ளமும் புகையும்

அல்ஃப்ரெட் சிஸ்லேயின் (1839-1899) போர்-மார்லி வெள்ள ஓவியங்கள் இதற்கு மாறான நிலையைக் காட்டுவன. 1876இல் சேன் ஆறு கரைபுரண்டு அச்சிற்றூரின் தெருவில் புகுந்தபோது, அருகில் வாழ்ந்த சிஸ்லே மதுக்கடை ஒன்றைச் சூழ்ந்த வெள்ளத்தைப் பலமுறை வரைந்தார். அவலக் குரலோ ஓடும் மக்களோ அவற்றில் இல்லை. வெளிர்நிறச் சுவர் தெருவில் நின்ற நீரில் எதிரொளிக்க, படகில் சிலர் அமைதியாகச் செல்கின்றனர். ஆயினும் எதிருருவம் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்பதே பார்ப்பவரை நிறுத்துகிறது. மரங்கள் வேரிலிருந்து அல்லாமல் நீரிலிருந்து எழுகின்றன; வாயிற்படி இருக்கவேண்டிய இடத்தில் வானம் கிடக்கிறது. பேரழிவைக் கூறச் சிஸ்லேக்கு எதிரொளிப்பே போதுமானதாயிற்று.

இலண்டன் ஓவியங்களில் காலம் வேறுவகையில் பதிவாகிறது. மொனே 1899, 1900, 1901 ஆகிய ஆண்டுகளில் சவாய் விடுதியிலிருந்தும் புனித தாமஸ் மருத்துவமனையிலிருந்தும் தேம்ஸ் ஆற்றை வரைந்தார். வாட்டர்லூ பாலம், சேரிங் கிராஸ் பாலம், நாடாளுமன்றம் ஆகிய மூன்று பொருள்களை மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டார். தமிழ் இலக்கணத்தின் சொல்லைக் கடன்பெற்றுக் கூறின், நிலம் ஒன்றாகவே நிற்கச் சிறுபொழுதே பாடுபொருளாயிற்று. ஊதா, இளஞ்சிவப்பு, மஞ்சள் என அவ்வோவியங்களில் ஆற்றின்மேல் பரவும் நிறங்கள் நிலக்கரிப் புகை கலந்த மூடுபனியின் விளைவு. மூடுபனி இல்லாத இலண்டனில் தமக்கு வேலையில்லை என்பதை மொனே மறைத்ததில்லை. டர்னர், மொனே ஆகியோரின் ஓவியங்களில் காணும் மங்கலுக்கும் அக்காலக் காற்று மாசுக்கும் தொடர்பு உண்டு என 2023இல் வெளிவந்த அறிவியல் ஆய்வு ஒன்று கூறுகிறது. இத்தொடரில் 37 ஓவியங்கள் 1904இல் பாரிசில் துரான் ருயேல் கூடத்தில் காட்சிக்கு வந்தன. அவற்றுள் பல ஊர் திரும்பியபின் கூடத்தில் வைத்து முடிக்கப்பட்டவை. கணநேரக் காட்சி எனத் தோன்றுவது ஆண்டுக்கணக்கான உழைப்பு என்பதற்கு இதுவும் சான்று.

அல்லிக்குளம்

1883இல் மொனே ஜிவெர்னி என்னும் சிற்றூரில் குடியேறினார். 1893இல் தம் தோட்டத்திற்கு அப்பால், இருப்புப்பாதையின் மறுபுறம் நிலம் வாங்கி, ஓடைநீரைத் திருப்பிக் குளம் அமைக்க முனைந்தார். அயல்நாட்டுச் செடிகள் நீரைக் கெடுக்கும் என அஞ்சி ஊரார் எதிர்த்தனர். மாவட்ட ஆட்சியரின் இசைவு பெற்றே குளம் உருவாயிற்று. லத்தூர்-மார்லியாக் என்பவர் கலப்பின முறையில் உருவாக்கிய நிற அல்லிகள் அதில் வளர்ந்தன. தோட்டக்காரர் நீர்ப்பரப்பைத் துப்புரவாக வைத்தனர். புழுதியைத் தடுக்கச் சாலைக்குத் தார் இடும் செலவை மொனே ஏற்றார். இயற்கையின் தூய காட்சி எனப் போற்றப்படும் இக்குளம் சட்டம், வணிகம், உழைப்பு ஆகியவற்றால் அமைந்த ஒன்று.

இக்குளத்தின் ஓவியங்களில் நோக்குகோணம் மாறுகிறது. தொடக்கத்தில் பாலமும் கரையும் தெரிகின்றன. பின்னர்க் கரை விலகி, அடிவானம் மறைந்து, ஓவியம் முழுவதும் நீராகிறது. 1909இல் காட்சிக்கு வைத்த 48 ஓவியங்களுக்கு 'நீர் நிலக்காட்சிகள்' என்றே மொனே பெயரிட்டார். வானம் இப்போது மேலே இல்லை; நீரில் மட்டுமே உள்ளது. அல்லி இலைகள் கிடைமட்டத் தீற்றலாலும், வில்லோ மரங்களின் எதிருருவம் செங்குத்துத் தீற்றலாலும் அமைகின்றன. நீரைச் சற்று மேலிருந்து குனிந்து நோக்குவதால் மேற்பரப்பின் இலை, அதில் விழும் மேகம், அடியில் அசையும் பாசி ஆகிய மூன்றும் ஒரே பரப்பில் கலக்கின்றன. அர்ஜான்தொய் ஆற்றில் மறைந்த ஆழம் இங்கு வெளிப்படுகிறது.

1912இல் மொனேக்குக் கண்புரை கண்டறியப்பட்டது. 1914இல் தொடங்கிய உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே அவர் மிகப்பெரிய அல்லிப் பலகைகளை வரைந்து வந்தார். போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்ட மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, அவற்றுள் இரண்டை நாட்டுக்கு அளிக்க விரும்புவதாகப் பிரதமர் ஜார்ஜ் கிளமான்சோவுக்கு எழுதினார். கொடை பின்னர் விரிவடைந்தது. 1923இல் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்டு அவர் பணியைத் தொடர்ந்தார். 1926 டிசம்பர் 5 அன்று மறைந்தார். 1927 மே மாதம் பாரிசு ஒராஞ்சரியின் இரு நீள்வட்டக் கூடங்களில் எட்டுத் தொகுதிகளாக அவை திறந்துவைக்கப்பட்டன. போர் நினைவுக்கு வெற்றிவளைவும் வீரர் சிலையும் எழுப்புவது வழக்கம். இங்கோ நீரில் தலைகீழாகத் தொங்கும் மரமும் மாலைமேகமுமே உள்ளன. அவற்றைச் சூழ்ந்து நிற்கும் பார்வையாளருக்குக் கரை என ஒன்று கிடைப்பதில்லை.

முடிவுரை

லா கிரனுய்யேரிலும் அர்ஜான்தொயிலும் ஜிவெர்னியிலும் மொனே வரைந்த நீர் ஒரே ஆற்றமைப்பைச் சேர்ந்தது. ஜிவெர்னிக் குளத்திற்கு நீர் தந்த ஓடையும் சேன் ஆற்றையே சென்றடையும். அந்நீரின்மேல் இருப்புப்பாதை, வேதித்தொழில், போர், கழிவு, வெள்ளம் ஆகியன வெவ்வேறு அளவில் படிந்துள்ளன. துண்டுத் தீற்றல் என்னும் முறை எதிரொளிப்பின் இயல்பிலிருந்து எழுந்தது. தாழ்ந்த கோணத்தில் நோக்கியபோது நீர் வானத்தைக் காட்டிச் சேற்றை மறைத்தது. குனிந்து நோக்கியபோது இரண்டையும் ஒருங்கே காட்டியது. ஆகவே மனப்பதிவியம் வரலாறற்ற கண்ணின் கலை என்னும் கருத்து மறு ஆய்வுக்கு உரியது. ஓவியத்தில் எது ஒளிர்கிறது என்பதோடு, ஓவியர் எங்கு நின்றார் என்பதும் கேட்கப்பட வேண்டும்.

தமிழில் கலை வரலாறு எழுதுவோர்க்கு இதனால் ஒரு பயனும் உண்டு. நிழல், எதிருருவம், ஒளி ஆகியவற்றை ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் மொழியில், மனப்பதிவியர் வண்ணத்தால் நிறுவிய உண்மையை விளக்கப் புதுச்சொல் தேட வேண்டிய தேவை பெரிதும் இல்லை. இருக்கும் சொல்லை அதன் முழுப்பொருளில் ஆளுதலே போதும்.